கள்ளிமுளையானும் கொடுப்பவரின் அளவும்

குளத்தூரிலிருந்து விளாத்திகுளம், கோவில்பட்டி வரை விரிந்து கிடக்கும் கரிசல் நிலம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வாழ்வது. கம்பும் சோளமும் உளுந்தும் மிளகாயும் அந்த மழையின் பிள்ளைகளே. இத்தகைய வறண்ட வட்டாரங்களின் சரளை மேடுகளிலும் பாறை இடுக்குகளிலும், யாரும் விதைக்காமல், யாரும் நீர் வார்க்காமல், முட்புதரின் நிழலில் முளைக்கும் செடி ஒன்றுண்டு. அதுவே கள்ளிமுளையான்.

பெயரில் கள்ளி இருப்பினும் கள்ளியின் நச்சுப்பால் இதனிடம் இல்லை. இது எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலைகள் பெயரளவுக்குத் தோன்றி உதிர்ந்துவிட, சதைப்பற்றுள்ள நாற்கோணத் தண்டே இலையின் கடமையை ஏற்கிறது. பகலில் தன் நுண்துளைகளை மூடிக்கொண்டு, வெப்பம் தணிந்த இரவில் திறந்து காற்றை வாங்கிக்கொள்வதால் உள்ளிருக்கும் நீரைக் காத்துக்கொள்கிறது. தண்டின் நுனிப் பக்கத்தில் விண்மீன் வடிவில் கருஞ்சிவப்புப் பூக்கள் மலர்கின்றன. அவற்றை நாடி வந்து மகரந்தம் சேர்ப்பவை ஈக்கள். மல்லிகையின் மணத்தை இதனிடம் தேடுவோர் ஏமாறுவர்; இது மலர்வது நமக்காக அன்று.

இச்செடியை வீட்டுத் தொட்டியில் வளர்க்க விரும்புவோருக்கு முதற் பாடம், நீரைக் குறைப்பதாகும். கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் வேர் அழுகிவிடும். ஆகவே மணலும் சரளையும் மிகுதியாகக் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நட்டு, மண் முற்றிலும் காய்ந்த பின்னரே நீர் விடவேண்டும். தொட்டியில் வளரும் இத்தகைய செடிகள் தாகத்தால் மடிவதைவிட, அன்போடு ஊற்றிய நீரால் மடிவதே அதிகம்.

இங்கே ஒரு வினா எழுகிறது. நாள்தோறும் நீர் ஊற்றும்போது யாருடைய தாகம் தணிகிறது? செடியின் தாகமா, அல்லது, 'நாம் கடமையைச் செய்துவிட்டோம்' என்று நிறைவடைய விரும்பும் நம் மனத்தின் தாகமா? பிள்ளை கேட்குமுன்பே அதன் வேலையைச் செய்து முடிக்கும் பெற்றோரும், வறியவரின் தேவை இன்னதென்று வினவாமலே வாரி வழங்குவோரும் இதே வினாவுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். தம்மிடம் உள்ள மிகுதியைக் கொண்டு அளக்கிறார்களேயன்றி, பெறுபவரின் தேவையைக் கொண்டு அவர்கள் அளப்பதில்லை.

இப்படிச் சொன்னால் கருமிக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடாதா எனக் கேட்கலாம். கிடைக்காது. நீரை நிறுத்தி வைப்பவர் மண்ணை விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும். தண்டு சுருங்குகிறதா என நோக்கவேண்டும். வேளை வந்ததும் தயங்காமல் ஊற்றவேண்டும். கருமியோ செடியின் பக்கம் திரும்புவதே இல்லை. இருவர் கையும் ஒன்றுபோல் மூடியிருப்பதாகத் தோன்றினும், ஒருவர் கண் திறந்திருக்கிறது.

இச்செடிக்குப் பசியோடும் ஓர் உறவு உண்டு. ஆடு மேய்ப்போர் இதன் தண்டை நார் உரித்துப் பச்சையாகத் தின்று பசியாற்றினர். வீடுகளில் துவையலாகவும் அரைத்தனர். இன்றோ இதன் சாறு, உடல் மெலிய விரும்புவோருக்கு மாத்திரையாக விற்கப்படுகிறது. பெங்களூரு புனித யோவான் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 50 பேரிடம் 60 நாள் சோதித்து, 2007-இல் முடிவை வெளியிட்டனர். பசியும் இடைச் சுற்றளவும் குறைந்தன. ஆனால் உடல் எடையில், வெற்று மருந்து உண்டவர்களோடு ஒப்பிட, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உணவு இல்லாதவர் பசியைத் தாங்க உண்டதை, உணவு மிகுந்தவர் பசியைக் குறைக்க உண்கிறார். இதை எண்ணிப் பாராமல் கடந்துபோதல் நமக்கு அழகன்று.

இச்செடியை வீட்டிற்குக் கொணர்வதிலும் ஓர் அறம் உண்டு. வேரோடு பிடுங்கினால் அந்த இடம் வெறுமையாகும். ஒரு தண்டை மட்டும் வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை சில நாள் நிழலில் வைத்து நட்டால், அது தானே வேர்விடும். அந்த ஒரு தண்டு நமக்குப் போதும். எஞ்சியவை புதரடியிலேயே நிற்கட்டும். ஈக்கள் அங்கே வரும், பசித்த மேய்ப்பரும் வரக்கூடும்.