தீர்த்தம் என்னும் சொல்

நவீன வாழ்க்கையில் சமயங்களுக்கு இனி என்ன வேலை? இக்கேள்வி இன்று பல இளைஞர்களின் உள்ளத்தில் எழுகிறது. இதற்கு விடை காண, கொல்கத்தாவின் கிழக்கே ராஜர்ஹாட்டில் எழுந்துள்ள நியூ டவுனைச் சற்று நோக்குவோம்.

நம் பழைய ஊர்கள் கோயிலை நடுவில் வைத்து வளர்ந்தன. நியூ டவுனோ வரைபடத்தை வைத்து வளர்ந்தது. அதை உருவாக்கும் ஹிட்கோ நிறுவனம் 1999-இல் அமைக்கப்பட்டது. அகன்ற சாலைகளும் கணினி நிறுவனங்களும் நிறைந்த இந்நகரிலும் சமயங்கள் தமக்குரிய இடத்தைப் பெற்றிருக்கின்றன, பெரும்பாலும் வகுப்பறைகளாக!

1780-இல் தோன்றிய கல்கத்தா மதரஸாவின் வழிவந்த ஆலியா பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று இங்குள்ளது. இயேசு சபைத் துறவிகளின் புனித சவேரியார் பல்கலைக்கழகம் 2017-இல் இங்கே தொடங்கியது. இரண்டும் நவீனக் கல்வியை அளிக்கின்றன.

கல்வி தரும் சமயம், கற்பவனிடம் எதை எதிர்பார்க்க வேண்டும்? 1860-இல் நிறுவப்பட்ட கொல்கத்தா புனித சவேரியார் கல்லூரியின் வரலாறு இதற்கு விடை தருகிறது. அங்கே பெல்ஜியத் துறவியான லாஃபோன் அடிகளாரிடம் இயற்பியல் பயின்றவர் ஜகதீஷ் சந்திர போஸ். பிரம்ம சமாஜக் குடும்பத்தில் பிறந்த அம்மாணவர் கிறிஸ்தவராகவில்லை. உலகம் போற்றும் விஞ்ஞானியானார். அதனால் குருவின் பணி தோற்றதென்று எவரேனும் கூறுவார்களா? தன்னைப் பின்பற்றுவோரின் எண்ணிக்கையைக் கொண்டு தன் வெற்றியை அளக்கும் சமயம் சந்தைக் கணக்கில் இறங்கிவிடுகிறது. அயலானின் அறிவையும் பண்பையும் அவனுடைய நிலத்திலேயே மலரச் செய்யும் சமயமே சமூகத்தை உயர்த்துகிறது.

நியூ டவுனில் 'நஸ்ருல் தீர்த்தம்' என்றொரு பண்பாட்டு மையம் உண்டு. கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் இஸ்லாமியப் பாடல்களையும் இயற்றினார். காளி அன்னையைப் போற்றும் சியாமா சங்கீதங்களையும் இயற்றினார். அந்த முஸ்லிம் கவிஞரின் பெயரோடு நம் தீர்த்த யாத்திரைச் சொல் இயல்பாக இணைந்து நிற்கிறது. சொற்கள் இவ்வாறு கலப்பதற்கு முன்பே உள்ளங்கள் கலந்திருக்க வேண்டும் அல்லவா?

ஆயினும் நம் மனசாட்சியைத் தொடும் செய்தி ஒன்றும் உண்டு. இந்நகரம் எழுந்த மண் முன்பு வயல்களாகவும் நீர்நிலைகளாகவும் இருந்தது. நிலம் கையகப்படுத்தப்பட்டபோது எத்தனையோ உழவர் குடும்பங்கள் தம் தொழிலை இழந்தன. சட்டம், இழப்பீடு வழங்கியதும் கணக்கை முடித்துக்கொள்ளும். சமயம் அவ்வாறு முடித்துக்கொள்ள இயலாது. அண்டை வீட்டானை நேசி என்றும், ஏழைக்கு அவனது பங்கைக் கொடு என்றும், எல்லா உயிரிலும் இறைவனைக் காண் என்றும் போதித்த சமயங்கள், அந்த உழவனின் பேரன் இன்று எங்கே பயில்கிறான் என்று கேட்கக் கடமைப்பட்டவை.

நவீன வாழ்க்கையில் சமயத்தின் வேலை இதுவே. வரைபடத்தில் இடம்பெறாத மனிதனை அது நினைவூட்ட வேண்டும். நாமும் நம் ஊரில் புதிய கட்டிடம் ஒன்றைக் காணும்போது, அங்கே முன்பு வாழ்ந்தவர் யார் என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போம். அவருக்கு நம்மால் இயன்ற ஓர் உதவியைச் செய்வோம். அவ்விடமே நமக்குத் தீர்த்தமாகும்.