அடைக்கலமும் கூலியும்

தஞ்சமென்று வந்தவனுக்குச் சோறிடுதல் அறம் என்பதில் நம்மவர்க்கு ஐயமில்லை. சோறிட்டபின், அவன் தன் கையால் உழைத்துண்ண வழிவிடாதிருத்தல் எவ்வகை அறம் என்பதே என் கேள்வி.

பர்மாவின் அரக்கானிலிருந்து உயிர்தப்பி மலேசியாவில் வந்திறங்கும் ரோஹிங்கியரைக் கவனியுங்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்நாடு கையொப்பமிடவில்லை. குடிநுழைவுச் சட்டமோ அகதியையும் கள்ளமாய்க் குடியேறினவனையும் வேறுபடுத்துவதில்லை. ஆகவே ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையத்தின் அட்டை கைக்கு வரும்வரை, கடைக்குப் போய் உப்பு வாங்கவும் அஞ்சவேண்டும். மனைவிக்குப் பிரசவவேதனை கண்டாலும் ஆஸ்பத்திரி வாசலில் கால் தயங்கும். அனுமதிப் பத்திரமில்லாத நோயாளரைப் பற்றித் தெரிவிக்கும்படி சுகாதார அமைச்சு 2001இல் சுற்றறிக்கை விடுத்தது. அட்டை பெற்றவருக்கு அந்நியர் கட்டணத்தில் பாதி தள்ளுபடியாம். மீதிப் பாதிக்கே அவர் கூலி காணாது. பிள்ளைகளுக்குச் சர்க்கார் பள்ளியில் இடமில்லை.

அவ்வட்டை வேலை செய்யும் உரிமையைத் தருவதன்று. எனவே கட்டடவேலை, புல்வெட்டு, சந்தைச் சுமை என்று ஒளிந்து உழைக்கிறான். செக்ரோல் எழுதிப் பிழைக்கும் எனக்கு ஒன்று தெரியும்: ஏட்டில் பெயரேறாதவன் கூலியில்தான் முதலாளியின் கை முதலில் விழும். அவன் யாரிடம் முறையிடுவான்? இலவச அரிசி மூட்டையோடு அவன் அறை வாசலில் படம் பிடித்துக்கொள்ளும் தருமவான்கள் (அவர்கள் நம்மிலும் உளர்) இதை மட்டும் விசாரிப்பதில்லை.

2017இல் 300 ரோஹிங்கியருக்குத் தோட்டங்களிலும் ஆலைகளிலும் வேலைதரும் முயற்சியொன்று தொடங்கிற்று, அது பரவவில்லை. அவர்கள் சோம்பேறிகள் என்பதற்கு அதையே சிலர் சான்றாக்குகின்றனர். பெண்டு பிள்ளைகள் பட்டணத்தில் ஒண்டியிருக்க, ஆடவனை மட்டும் தூரத் தோட்டத்துக்கு வா என்றால், நம்முள் எத்தனை பேர் உடனே மூட்டை கட்டுவோம்?