அறியாமை யாருடைய குற்றம்?

கர்ப்பிணியான ஒரு கிராமத்துப் பெண் வேண்டுமென்றே குறைவாக உண்கிறாள். குழந்தை மெலிந்து பிறக்கிறது. நோயுற்றுச் சில மாதங்களில் மடிகிறது. இச்சாவுக்கு யார் பொறுப்பு? “படிப்பறிவில்லாத சனங்கள், எவ்வளவு சொன்னாலும் விளங்காது” என்று கூறிவிட்டு, படித்தவர்களாகிய நாம் அப்பாற் செல்கிறோம். இத்தீர்ப்பு நீதியானதா?

அறியாமையை இருவகையாகப் பிரித்துக் காட்டினார் அக்குவினாஸ் தோமையார். அறியக்கூடியதும் அறியவேண்டியதுமான ஒன்றை ஒருவன் அசட்டையினால் அறியாதிருந்தால் அது குற்றம். எவ்வளவு முயன்றும் அறிய வழியில்லையெனின் அது குற்றமாகாது. இந்த அளவுகோலை அந்தத் தாயின்மீது வைக்குமுன், நடந்த ஓர் அனுபவத்தைப் பார்ப்போம்.

இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் மழை குறைந்த பகுதியொன்றில் உள்ள ஊர் ஜாம்கெட். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற வைத்தியர்களான ரஜனிகாந்த் அரோலே, மேபெல் அரோலே தம்பதியர் 1970ஆம் ஆண்டில் அங்கு பணி தொடங்கினர். அது வரட்சிக் காலம். மக்கள் அவர்களிடம் முதலிற் கேட்டது மருந்தையல்ல, தண்ணீரையும் உணவையுமே. ஆகவே கிணறு அமைப்பதும் சிறுவர்க்கு உணவளிப்பதும் முதல் வேலைகளாயின. பசித்தவர் முன்னே போஷாக்கைப் பற்றிப் பிரசங்கம் செய்வது கல்வியாகாது; அது அவமதிப்பு.

பின்னர் பயிற்சி பெற்ற தாதியரைக் கிராமங்களில் தங்கிப் பணியாற்ற அனுப்பினர். அது பலிக்கவில்லை. தாதியருக்குக் கிராமம் அந்நியம். கிராமத்துக்கு அவர்கள் அந்நியர். அதன் பின்பே, ஊரவர் தாமே தெரிந்தெடுத்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளிப்பதென முடிவாயிற்று. அவர்களுட் பலர் எழுத்தறியாதவர். தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட குலத்தினரும் இருந்தனர். வாரந்தோறும் ஜாம்கெட்டிற் கூடிக் கற்றனர். ஊர் திரும்பி அயலவருக்குக் கற்பித்தனர். வயிற்றோட்டத்தால் வாடும் பிள்ளைக்கு நீரை மறுக்கலாகாது, சுத்தமான நீரிற் சீனியும் உப்பும் அளவாகக் கரைத்து ஊட்டவேண்டும் என்பது அப்பாடங்களுள் ஒன்று.

கர்ப்பிணி குறைவாக உண்ணவேண்டும் என்ற நம்பிக்கை அங்கும் இருந்தது. அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. வயிற்றிற் பிள்ளை பெருத்தாற் பிரசவம் கடினமாகும். வைத்தியரில்லாத ஊரிற் கடினமான பிரசவம் என்பது பெரும்பாலும் தாயின் சாவு. ஆகவே அவள் வயிற்றைக் காயப்போட்டது மூடத்தனத்தினாலன்று. தான் அறிந்த அளவிற் பிழைத்திருப்பதற்காகவே. “நன்றாகச் சாப்பிடு” என்ற புத்திமதி அந்த அச்சத்தைப் போக்காது. தானும் பிள்ளை பெற்றவளான அயல்வீட்டுப் பெண் எடுத்துச் சொல்லும்போது, ஆபத்து வந்தாற் செல்வதற்கு ஒரு வைத்தியசாலையும் இருக்கும்போது, அவள் உண்ணத் துணிகிறாள்.

அப்படியானால் மக்களின் வழக்கங்களையெல்லாம் போற்றவேண்டுமா? இல்லை. பிழை பிழையே, அதனாற் குழந்தை சாகிறது. ஆயினும், பிழையின் வேர் எங்கே உள்ளதென்று அறியாதவனால் அதைக் களைய இயலாது.

1971ஆம் ஆண்டில் ஜாம்கெட் பகுதியில் உயிருடன் பிறந்த 1000 குழந்தைகளுள் 176 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இருபத்தைந்து ஆண்டுகளுள் அத்தொகை 30க்கும் கீழே இறங்கியது. நீரும் உணவும் தடுப்பூசியும் வைத்தியசாலையும் இதிற் பங்குகொண்டன. ஆனால் இவற்றையெல்லாம் வீட்டு வாசல்வரை கொண்டுசேர்த்தவர்கள், “இவர்களுக்கு விளங்காது” என்று முன்னர் ஒதுக்கப்பட்ட அதே பெண்களே. அரோலே தம்பதியருக்கு 1979ஆம் ஆண்டில் மக்சேசே விருது கிடைத்தது.

இனி அளவுகோலை எம்மீது வைப்போம். அந்தத் தாய்க்கு அறிய வழி இருக்கவில்லை. அவள் ஏன் உண்ணவில்லை என்பதை அறிய எமக்கு வழி இருந்தது. அவளருகே அமர்ந்து கேட்டிருந்தாற் போதும். நாம் கேட்கவில்லை. எனவே குற்றமுள்ள அறியாமை அவளுடையதன்று, எம்முடையதே.

கிராமத்துக்குச் சுகாதாரப் பாடம் கொண்டுசெல்வோர் பலர் உண்டு. அவர்கள் தம் பாடத்தின் முதல் நாளைப் பேசுவதற்கன்றி, கேட்பதற்கென்று ஒதுக்குவார்களாக.