மறைப்பதும் பொய்தான், தம்பி

அமெரிக்கப் படையில் சேர்ந்து ஈராக்கையும் ஆப்கானிஸ்தானையும் பார்த்துவிட்டு வந்த தம்பிகளே, ஒரு வார்த்தை. உங்கள் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல்) படைப்பணியால் வந்ததுதான் என்று முன்னாள் படைவீரர் துறை ஒப்புக்கொண்டு, பாதிப்பு 30 சதவீதம் என்று எழுதி அனுப்பியிருக்கிறது. தூக்கமில்லை, எந்த வேலையிலும் நிலைக்க முடியவில்லை, பிள்ளைகள் கிட்டே வரப் பயப்படுகிறார்கள். இது 30 சதவீதமா? ஆனாலும் வாய் திறக்காமல் இருக்கிறீர்கள். முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் முறையிட்டால், வெல்லும்போது முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்தே நிலுவை கிடைக்க வழியுண்டு. கெடு தவறினால் அந்த உரிமை பெரும்பாலும் போய்விடும்.

"கை கால் இழந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பங்கை நான் பிடுங்குவதா?" என்கிறீர்கள். நல்ல மனசுதான், ஆனால் கணக்குத் தப்பு. உங்கள் சதவீதம் ஏறினால் யாருடையதும் இறங்காது.

சதவீதம் முடிவு செய்யத் துறை நடத்திய மருத்துவப் பரிசோதனையில் என்ன சொன்னீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்றீர்களா? படையில் பழகிய பேச்சு அது. மருத்துவர் அதைத்தான் எழுதுவார். வேலையும் உறவும் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்பதை வைத்தே 0, 10, 30, 50, 70, 100 என்று தரம் பிரிக்கிறார்கள். கட்டுக்கடங்காத கோபமும் தற்கொலை எண்ணமும் 70 சதவீத விவரிப்பிலேயே இருக்கின்றன. அதை விழுங்கிவிட்டு வந்தால் உங்களைப் பற்றி நீங்களே பொய்ச் சாட்சி சொன்னதாகும். கூட்டியும் சொல்ல வேண்டாம். மோசமான நாள் எப்படி இருக்கும், மாதத்தில் எத்தனை முறை வரும், அதைச் சொன்னால் போதும். தற்கொலை எண்ணம் இப்போதே இருந்தால் மேல்முறையீடு பிறகு. நெருக்கடி உதவி எண் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். வெளியே தெரிந்தால் கௌரவம் போய்விடும் என்று மூடி வைக்காதீர்கள். மனைவியோ தாயோ கண்ணால் கண்டதை எழுதித் தரலாம். 21-10210 என்ற படிவம் இதற்கென்றே இருக்கிறது. "கோபக்காரர்" என்று ஒரு சொல்லில் முடிக்காமல், எந்த இரவு, என்ன நடந்தது, யார் பயந்தார்கள் என்று எழுதுங்கள். இருபக்கச் சான்றும் ஏறக்குறைய சமமாக இருந்தால் ஐயத்தின் பலன் வீரருக்கே என்பது அமெரிக்கச் சட்டம். அந்தத் தராசில் வைக்க வீட்டார் சாட்சி வேண்டாமா?

முறையிட 2019 பிப்ரவரியிலிருந்து மூன்று வழிகள் இருக்கின்றன. இப்படிப் புதிய சான்று இருந்தால் துணை விண்ணப்பம். சான்று போதும், முடிவுதான் தவறு என்றால் மூத்த அதிகாரியின் மறுபரிசீலனை; அங்கே புதுச் சான்று எடுபடாது, மனைவியின் கடிதத்தை அங்கே அனுப்பி வீணாக்காதீர்கள். மூன்றாவது, மேல்முறையீட்டு வாரிய நீதிபதி.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. "100 சதவீதம் வாங்கித் தருகிறோம்" என்று கட்டணம் கேட்கும் அங்கீகாரமில்லாத ஆட்களிடம் சிக்காதீர்கள். அமெரிக்கன் லீஜியன், டி.ஏ.வி. போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களில் துறையின் அங்கீகாரம் பெற்றவர்கள் இதையெல்லாம் இலவசமாகச் செய்து தருகிறார்கள். இந்த வாரமே அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள்.