துகில் கூத்தும் ரசிகரின் பொறுப்பும்

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கூட்டம் நெரியும் இரவுகளில் துகில் கூத்தும் ஒன்று. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் இந்தக் கோயில்கள் அதிகம். நெல்லிக்குப்பம், பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்து கிராமங்களில் கரும்பு வெட்டிவிட்டு வந்தவர், ஆலையில் ஷிப்டு முடித்து வந்தவர், கைக்குழந்தையோடு வந்தவர் என எல்லாரும் பாய் விரித்து விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். பகலில் பாரதப் பிரசங்கியார் கதை சொல்லுவார். இரவில் அதே கதை கூத்தாகும். சூதாட்டத்தில் தருமன் தோற்பதும், துச்சாதனன் பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வருவதும், சேலையில் கை வைப்பதும் இந்த இரவில் வரும். ஒரு பெண் ஊர் நடுவே அவமானப்படுவதைக் கூட்டமாக உட்கார்ந்து ரசிப்பது தகுமா என்ற கேள்வி இந்தக் கூத்தோடு கூடவே பிறந்தது.

கூத்து நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி தெரியும். அந்தக் காட்சியை அவர்கள் ஆடும் விதமே அதற்குச் சாட்சி. துச்சாதனன் கட்டை வேடம். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் சலங்கையுமாகத் திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகியதும் அடவு போட்டுக் களரியை அதிர வைப்பார். அவர் எதிரே பெண் வேடத்தில் நிற்பவர் பெரும்பாலும் ஓர் ஆண். சேலையில் கை வைக்க வேண்டிய நேரம் வந்ததும் பல ஊர்களில் ஆட்டம் நின்றுவிடும். கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேடக்காரர் வேடத்தை விட்டு வெளியே வந்து, பிழைப்புக்காகச் செய்கிறோம், பொறுத்துக்கொள் தாயே என்ற பொருளில் அம்மனை வேண்டிக்கொள்வார். அதன் பிறகுதான் மறுபடி துச்சாதனன் ஆவார். சில இரவுகளில் ஆவேசம் மீறி அவரைப் பிடித்து நிறுத்தவும் வேண்டியிருக்கும். பாஞ்சாலி கண்ணனைக் கூவி அழைக்கும் பாட்டு ஏறும்போது கூட்டத்தில் பலர் கைகூப்பியிருப்பார்கள். வேடக்காரர் உடுத்திய சேலை உடுத்தியபடியே இருக்கும்.

இதில் தவறு ஏதும் இல்லை என்று வாதிடுவோர் சொல்வது எளிதில் தள்ளக்கூடியது அல்ல. நடப்பது ஆட்டம், யாருக்கும் உண்மையில் தீங்கு நேரவில்லை. கூத்துக்கு உயிர் கொடுப்பதே கூட்டத்தின் உற்சாகம்தான். சென்னைச் சபா நாடகம் பார்ப்பவரைப் போல இருட்டில் வாய்மூடி உட்காருவது கூத்துக் களரியின் ஒழுக்கம் அல்ல. நல்ல அடவுக்கு விசில் பறக்க வேண்டும், கோமாளியான கட்டியங்காரன் கேலிக்குச் சிரிப்பு வர வேண்டும். விடிகாலை மூன்று மணிக்குத் தொண்டை கட்டிப்போன வேடக்காரரை இன்னும் இரண்டு மணி நேரம் நிற்க வைப்பது அந்தச் சத்தம்தான். பார்வையாளரை மரியாதையின் பேரில் ஊமையாக்கினால் கூத்து செத்துவிடும்.

இதற்கு எதிரான வாதத்தைப் பாரதியே எழுதி வைத்திருக்கிறார். அருகிலுள்ள புதுச்சேரியில் இருந்த காலத்தில் அவர் எழுதிய பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பாகத்தில் துச்சாதனன் பாஞ்சாலியைத் தெருவழியே இழுத்துப் போகும்போது ஊரார் பார்த்து நிற்கிறார்கள். அவர்கள் கேலி செய்யவில்லை, பரிதாபப்படுகிறார்கள், புலம்புகிறார்கள். பாரதியின் கோபம் அந்தப் புலம்பலின் மேல்தான் பாய்கிறது. தடுக்க முடிந்தும் தடுக்காமல் கண்ணீர் விட்டவர்களை அவர் நல்லவர் கணக்கில் சேர்க்கவில்லை. அப்படியானால் களரியைச் சுற்றி அழுகிறவர்களும் அந்த அஸ்தினாபுரத்து ஊராரின் வாரிசுகள்தானா?

அல்ல. அஸ்தினாபுரத்தார் நடப்பதைத் தடுத்திருக்க முடியும். கூத்துப் பார்ப்பவர் தடுக்கக் கதையில் எதுவும் இல்லை. பாஞ்சாலி அவமானப்பட்டே தீருவாள், கண்ணன் காப்பாற்றியே தீருவான். ஆகவே கதையின் பாஞ்சாலிக்குப் பார்வையாளர் பொறுப்பாளி ஆகமாட்டார். ஆனால் அதே களரியில் கதையில் இல்லாத ஆட்களும் இருக்கிறார்கள். சேலை கட்டி நிற்கும் வேடக்காரர் ஒருவர். பக்கத்துப் பாயில் மகளோடு உட்கார்ந்திருக்கும் பெண் இன்னொருவர். அவர்கள் விஷயத்தில் பார்வையாளரால் செய்ய முடிந்தது நிறைய. பாரதியின் கேள்வி அங்கே அப்படியே பொருந்தும்.

துச்சாதனன் நெருங்கும்போது முன்வரிசையிலிருந்து வரும் விசிலை எடுத்துக்கொள்ளலாம். அடவுக்கு அடித்த விசிலும் சேலைக்கு அடித்த விசிலும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் அடுத்த பாயில் இருக்கும் பெண்ணுக்கு வித்தியாசம் உடனே தெரியும். மேடையில் இருப்பது பொய்ப் பாஞ்சாலிதான், ஆனால் அந்தச் சத்தத்தில் ஊர் ஆண்கள் சிலரின் மனம் தெரிந்துவிடுகிறது. அது பொய் இல்லை.

அன்பளிப்பு இன்னொன்று. வேடக்காரர் உடையில் நோட்டைக் குத்துவதும், இன்னார் இத்தனை ரூபாய் என்று மைக்கில் சொல்லச் செய்வதும் கூத்துக்காரர் வருமானத்தில் ஒரு பகுதி; அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பாஞ்சாலி சபையைப் பார்த்து, தன்னையே தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று கேட்கும் நேரத்தில் ஆர்மோனியம் நின்று ஒரு காண்ட்ராக்டரின் பெயர் ஒலித்தால், அந்தப் பணம் கலைஞருக்குக் கொடுத்தது ஆகாது. காட்சியை விலைக்கு வாங்கியதாகிவிடும். தாராளம் காட்டுகிறவர் பெரும்பாலும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. அவரைச் சுற்றியிருப்பவர்களும் முகம் கோணக்கூடாது என்று விட்டுவிடுகிறார்கள். பீஷ்மரும் துரோணரும் சபையில் தடுக்காமல் இருந்ததற்கும் ஏறக்குறைய இதுதான் காரணம். எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவன் விகர்ணன். அவன் கௌரவர் பக்கத்தவன் என்பதைக் கூத்துப் பார்ப்பவர்கள் மறப்பதில்லை.

கட்டியங்காரன் பேச்சில் வரும் ஆபாசத்துக்குப் பழி வழக்கமாக அவர் தலையில் விழுகிறது. அவர் எந்தக் கேலிக்குச் சிரிப்பு வருகிறதோ அதை நீட்டுவார், வராததை விடுவார். அரசனையும் ஊர்ப் பெரியமனிதரையும் ஒரே வாக்கியத்தில் நையாண்டி செய்யும் திறமை அவருக்கு உண்டு. பெண்களைப் பற்றிய மலிவான பேச்சுக்கே கைதட்டல் குவிந்தால், அந்தத் திறமைக்கு ஊரே வேலை கொடுக்கவில்லை என்றுதான் பொருள்.

ரசிப்பவர் விடிந்த பிறகு என்ன செய்கிறார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரவில் தான் கைகூப்பி வணங்கிய வேடக்காரரைக் காலையில் டீக்கடையில் ஏக வசனத்தில் கூப்பிடும் பழக்கம் பழையது. மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் நடிக்கும் பெண்கள் இதைவிடக் கடுமையாக அனுபவிக்கிறார்கள். மேடையில் கொண்டாடப்பட்டவர்களுக்குத் தெருவில் நல்ல பெயர் கிடைப்பதில்லை. பெண் வேடத்துக்கு இனி பெண்களே வருவார்கள் என்றால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். காஞ்சிபுரம் அருகே பி. ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் சிறுமிகளுக்கும் கூத்துப் பயிற்சி அளித்தது. ஒரு பெண் பாஞ்சாலியாக நிற்கும்போது, ஆட்டம்தானே என்ற சமாதானம் முன்வரிசை விசிலுக்குப் போதாது.

செல்போன் வந்தபின் புதிய சிக்கல் ஒன்று சேர்ந்திருக்கிறது: காட்சியைத் துண்டாக வெட்டி அனுப்புவது. துகில் கூத்து தனிக்கூத்து அல்ல. பாஞ்சாலி விரித்த கூந்தல் திருவிழாவின் கடைசியில், மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் முன் படுகளத்தில்தான் முடியப்படுகிறது. அதன்பின் தீமிதி. அவமானத்தைப் பார்த்தவர்கள் அது தீர்வதையும் பார்க்க வேண்டும் என்பது திருவிழாவின் அமைப்பிலேயே இருக்கிறது. கற்பூரமும் மன்னிப்பு வேண்டுதலும் படுகளமும் இல்லாமல், சேலையை இழுக்கும் இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி அனுப்புகிறவர், கூத்து கவனமாகக் கட்டிய வேலிகள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மிச்சத்தைப் பரப்புகிறார். முழு இரவையும் பதிவு செய்து ஊருக்காக வைத்திருப்பது வேறு விஷயம். வேடக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்தால் அதில் குற்றம் காண இடமில்லை.

இவற்றில் பலவும் விழாக்குழு முன்கூட்டியே கூத்து வாத்தியாரோடு பேசி முடிக்கக் கூடியவை. துகில் முடிந்து கண்ணன் பாட்டு அடங்கும்வரை மைக்கில் எந்தப் பெயரும் வராது என்று வைத்துக்கொள்ளலாம். அதுவரை சேர்ந்த அன்பளிப்பை மொத்தமாக அறிவித்து, வேடம் கட்டியவர்களோடு முகவீணைக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் பின்பாட்டுக்காரருக்கும் சேர்த்துப் பங்கிடலாம். அவர்களும் விடிய விடிய விழித்தவர்கள்தான்.