கதவின் வெளிப்புறம்

வீட்டின் வாசற்கதவுக்கு இரண்டு முகங்கள் உண்டு. உள்முகம் நமக்கு, வெளிமுகம் யாருக்கு? பணம் கொடுத்துப் பெயின்ட் வாங்குபவர் வீட்டுக்காரர்தாம். ஆயினும், அவர் வீட்டினுள் இருக்கும் நேரமெல்லாம் அந்தப் பூச்சு அவர் கண்ணில் படுவதில்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் அதைக் காலை முதல் மாலை வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். தபால்காரர் பார்க்கிறார். பிச்சை கேட்டு வருபவர் கதவு திறக்கும்வரை அதையே பார்த்து நிற்கிறார். அவ்வாறாயின், அதற்கு என்ன வண்ணம் பூசுவது என்பது நம் சொந்த விருப்பத்தை மட்டும் சார்ந்த செய்தியா?

'என் வீடு, என் விருப்பம்' என்பது ஒரு விடை. இதற்கு நேர் எதிரான விடையும் உண்டு. 1876-இல் வேல்ஸ் இளவரசரின் வருகையையொட்டி ஜெய்ப்பூர் நகரம் இளஞ்சிவப்புப் பூசிக்கொண்டது என்பர். அரசர் சொல்லித் தெரு முழுவதும் ஒரே நிறம் பூணுவது கண்ணுக்கு இனிதாக இருக்கலாம். அதனால் மட்டும் அது அயலார்மீது கொண்ட அக்கறை ஆகிவிடாது. முதல் விடையில் அயலாரே இல்லை. இரண்டாவதில் அரசரைத் தவிர வேறு யாரும் இல்லை.

வெளிப்பூச்சு என்றாலே வெளிவேடம் என்று ஒதுக்கிவிடுவோரும் நம்மிடையே உளர். மத்தேயு நற்செய்தியின் 23-ஆம் அதிகாரத்தில் வரும் வெள்ளையடித்த கல்லறைகளை அவர்கள் சான்று காட்டுவர். ஆனால் அக்காலத்து யூதர்கள் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தது முதன்மையாக அழகுக்காக அன்று. கல்லறையைத் தொட்டவர் ஏழு நாள் தீட்டுக்குள்ளாவார் என்பது சட்டம். பாஸ்கா விழாவுக்கு வரும் வெளியூர்ப் பயணிகள் அறியாமல் மிதித்துவிடலாகாது என்பதற்காக, விழாவுக்கு முந்தைய ஆதார் மாதத்திலேயே கல்லறைகளைச் சுண்ணாம்பால் அடையாளமிட்டு வைத்தனர். வழிப்போக்கருக்குச் செய்த உதவி அது! ஆண்டவர் கண்டித்தது உள்ளிருந்த அழுகலை; சுண்ணாம்பின்மீது குற்றம் இல்லை.

இதே ஐயம் வேறொரு வடிவிலும் எழுகிறது. மரத்தின் ரேகை தெரியும்படி வார்னிஷ் அடிப்பதே நேர்மை, பெயின்ட் அடித்து மூடுவது பொய் என்று கூறுவர். நல்ல தேக்குக்கு இவ்வாதம் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் வெயில் இவ்வாதத்தை ஏற்பதில்லை. நிறமற்ற வார்னிஷ் ஊடே கதிரவனின் புறஊதாக் கதிர்கள் புகுந்து, மர நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் பொருளைச் சிதைக்கின்றன. பிடிமானம் இழந்த வார்னிஷ் செதில் செதிலாக உரிகிறது. மேற்குப் பார்த்த கதவில் இது விரைவிலேயே நிகழும். பெயின்ட்டில் கலந்துள்ள நிறமியோ அக்கதிர்களைத் தடுத்துவிடுகிறது. ஆழமான முகப்பின் நிழலில் நிற்கும் கதவுக்கு வார்னிஷ் தகும். வெயிலும் சாரலும் நேரே படும் கதவுக்குத் தகாது. மறைப்பதெல்லாம் பொய்யாகிவிடாது, காப்பதற்காகவும் மறைக்க வேண்டியிருக்கிறது. மேலும், தேக்கு வாங்கிவிட்ட செய்தியைத் தெருவுக்கு அறிவிப்பதற்காகவே வார்னிஷ் அடிப்பவரின் நேர்மையை எந்தத் தராசில் நிறுப்பது? (வேப்பம்பலகைமீது தேக்கு ரேகை தீட்டித் தரும் கைத்திறனாளர்களும் உண்டு. அவர்களது திறமையை நான் வியக்கிறேன். தீட்டச் சொல்பவரைப் பற்றிக் கருத்துக் கூறாமல் விடுகிறேன்.)

ஆயினும் நேர்மை, பகட்டு என்பவற்றைவிட ஆழமான கேள்வி ஒன்று பெயின்ட் டப்பாவுக்குள்ளேயே இருந்துவந்திருக்கிறது. அது ஈயம். பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் ஈயக் குரோமேட்டு, இரும்புக் கதவு துருப்பிடிக்காதிருக்க ஈயச் செந்தூரம், விரைவில் உலர்வதற்கு வேறு ஈயச் சேர்மங்கள் எனப் பல வழிகளில் அது பூச்சினுள் நுழைந்தது. குழந்தையின் வளரும் மூளையை அது தாக்குகிறது. கற்கும் ஆற்றலைக் குறைக்கிறது. தீங்கற்ற அளவு என்று ஈயத்துக்கு ஒன்று அறியப்படவில்லை என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது.

இது நேற்று வெளிப்பட்ட செய்தியன்று. 1921-இல் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறப் பூச்சில் வெள்ளீயச் சாயத்தைத் தடைசெய்யும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. பூச்சுத் தொழிலாளரின் உடல்நலமே அதன் நோக்கம். ஆனால் வெளிப்புறப் பூச்சுக்கு அத்தடை இல்லை. பாதுகாப்பு விதிகள் மட்டுமே. காற்றும் வெளிச்சமும் உள்ள இடந்தானே என்று கருதினர் போலும். நம் வாழ்வை எண்ணிப் பாருங்கள். வெளிக்கதவின் பூச்சுத்தான் வெயிலில் முதலில் பொரிந்து உதிர்கிறது. உதிர்வது வாசற்படியில். தெருக்குழந்தைகள் அமர்ந்து விளையாடுவதும், தவழும் குழந்தை கதவைப் பிடித்து எழுந்து நிற்பதும், அந்தக் கையை வாயில் வைத்துக்கொள்வதும் அதே வாசற்படியில்தான். வெளிப்புறம் யாருக்கு என்ற கேள்விக்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது. எதிர்வீட்டு முதியவர் நம் கதவைக் கண்ணால் மட்டுமே அறிகிறார்; அவருடைய பேரக்குழந்தை கையாலும் வாயாலும் அறிகிறது.

அமெரிக்கா 1978-இல் வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தைத் தடைசெய்தது. நம் நாட்டில் 2016-இல்தான் விதி வந்தது. 2017 நவம்பர் 1 முதல், வீட்டுக்கான பூச்சில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தல் ஆகாது. ஆகவே இன்று பெயின்ட் வாங்குவோர் ஈய அளவு குறித்த வாசகம் டப்பாவின்மீது அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். ஆனால் சட்டம் புதிய டப்பாவைத்தான் ஆளும். முப்பது, நாற்பது ஆண்டுப் பழமையான கதவின்மீது படிந்து கிடக்கும் அடுக்குகளை அது என் செய்யும்?

இங்குதான் பெயின்டர் வருகிறார். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் வேலை முடிய வேண்டும் என்று அவரை அவசரப்படுத்துகிறோம். பழைய பூச்சை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் வேலை விரைவாக முடியும். தூசு அவருடைய நெஞ்சுக்குள் போகும், சட்டையில் ஒட்டி அவருடைய குழந்தைகளிடமும் போகும். நீர் தெளித்து, ஈரப்பதத்துடன் தேய்த்தால் தூசு பறக்காது. சுரண்டியதைக் கீழே விரித்த தாளில் சேர்த்து எடுத்துவிடலாம். குழந்தைகளை அன்று அப்பக்கம் விடாதிருக்கலாம். பெயின்டரின் முகத்துக்கு, கைக்குட்டையைவிடத் தகுந்த தூசுக்கவசம் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். மரம் உலர ஒரு நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு நாள் கூலியும் கூடும்.

நிற அட்டையைப் புரட்டி, நீலமா பச்சையா என்று குடும்பமே கூடி ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுகிறோம். அது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். எதிர்வீட்டு முதியவருக்கு நல்ல நீலம் ஒன்று கிடைக்கட்டும். ஆனால் அந்த ஒரு நாள் கூலியைப் பெயின்டர் தாமாகக் கேட்கும்போது, வேலையை வளர்த்துகிறார் என்று பேரம் பேசத் தொடங்கிவிடுகிறோம். வேறு வேலை கைவசம் இல்லாத அவர், 'சரி ஐயா' என்று சொல்லி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, உலர்ந்த உப்புத்தாளைக் கையில் எடுக்கிறார்.