மறைத்தலும் பொய்த்தலும்

ஒரு பொருளின் மேல் மற்றொன்றைப் பூசி அதன் இயல்பான தோற்றத்தை மறைப்பது பொய்ம்மையாகுமா என்னும் கேள்வி அழகியலுக்கும் அறவியலுக்கும் பொதுவானது. ஆலயங்களையும் அரண்மனைகளையும் பற்றியே அது பெரும்பாலும் கேட்கப்பட்டிருப்பினும், மிக எளிய இடமொன்றிலும் அதே கூர்மையுடன் எழுகிறது. வட அமெரிக்காவில் வீட்டை ஒட்டிய கராஜைத் தச்சுப்பட்டறையாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் பரவலானது. அத்தகைய பட்டறைகளில் பலவற்றின் சுவர்கள் மரப்பலகையாலோ மரத்தோற்றம் கொண்ட தகடுகளாலோ பொதியப்பட்டவை. அவற்றுக்கு வெள்ளை பூசலாம் என்று ஒருவர் சொன்னால், மரத்தை மறைப்பது பாவம் என்று மறுக்க இன்னொருவர் இருப்பார். பாவம் என்னும் சொல் அங்கே பேச்சுவாக்கில் வருவதுதான். ஆயினும் அதனுள் ஒரு கொள்கை இருக்கிறது. பொருளுக்கென ஒரு மெய் உண்டு, அதை மறைப்பவர் அந்த மெய்க்குச் செய்ய வேண்டிய கடமையிலிருந்து வழுவுகிறார் என்பதே அக்கொள்கை. அது எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்பதற்குக் கராஜின் சுவர் போதுமானது.

பூசும் வேலையின் முறையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். விடையின் பெரும்பகுதி அந்த முறைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. பட்டறைக்கு வேண்டியது வெளிச்சம். வார்னிஷ் ஏறிப் பழுப்படைந்த மரச்சுவர் விளக்கொளியை விழுங்கிவிடும்; வெளிர்நிறச் சுவரோ அதைத் திருப்பித் தந்து, ரம்பத்தின் பல்லையும் பலகையில் இட்ட கோட்டையும் தெளிவாகக் காட்டும். ஆகவே அங்கே வண்ணம் அலங்காரத்துக்காக மட்டுமன்றி விரலைக் காப்பதற்காகவும் பூசப்படுகிறது. சுவரில் படிந்த எண்ணெய்ப்பிசுக்கையும் மரத்தூளையும் நீக்கி, பழைய வார்னிஷின் வழவழப்பை உப்புத்தாளால் தேய்த்து மங்கச் செய்து, ஆணித்துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, அது உலர்ந்தபின் முதற்பூச்சாகப் பிரைமரும் அதன்மேல் இருமுறை வண்ணமும் அடிப்பது வழக்கம். மரத்துக்கும் வண்ணத்துக்கும் நடுவே நிற்கும் பிரைமருக்கு இரண்டு பணிகள் உண்டு: வண்ணம் உரிந்துபோகாமல் பிடித்துக்கொள்வது ஒன்று, மரத்தினுள் இருக்கும் கறை மேலே ஏறாமல் தடுப்பது மற்றொன்று.

மரத்தின் மெய் எது என்னும் கேள்விக்குப் பழைய கிரேக்க விவாதம் ஒன்று வழிகாட்டும். அரிஸ்டாட்டில் தமது ‘இயற்பியல்’ நூலின் இரண்டாம் பகுதியில் ஆன்டிஃபோன் என்பவரின் வாதத்தை எடுத்துரைக்கிறார். ஒரு கட்டிலை மண்ணில் புதைத்து, அழுகும் அதன் மரம் முளைவிடும் ஆற்றலைப் பெற்றால், முளைப்பது மரமாக இருக்குமேயன்றிக் கட்டிலாக இராது. எனவே தச்சன் தந்த வடிவம் வந்துசேர்ந்தது, மரமே நிலைத்த இயல்பு என்பது அந்த வாதம். அரிஸ்டாட்டில் இதை ஒரு தரப்பாகவே குறித்து, மூலப்பொருளைக் காட்டிலும் வடிவத்துக்கே இயல்பு என்னும் பெயர் மிகுதியும் பொருந்தும் என்று மேலும் வாதிடுகிறார். எனினும் ஆன்டிஃபோனின் கூற்று பட்டறைச்சுவருக்கு ஒரு கோணத்தில் பொருந்தவே செய்கிறது. அறுத்து, இழைத்து, ஆணியறைந்த பின்னும் மரம் மரமாகவே நடந்துகொள்கிறது: மழைக்காலத்து ஈரத்தில் விரிந்து, குளிர்கால வறட்சியில் சுருங்கி, கணுக்களிலிருந்து பிசினைக் கசியவிடுகிறது. வண்ணம் அந்த இயல்பை அழிப்பதில்லை, அழிக்கவும் இயலாது. அழியாத ஒன்றை மறைப்பதை அதற்கு இழைத்த கொலையாகக் கருத இடமில்லை. அப்படியானால் குற்றம் வேறெங்கோ இருக்க வேண்டும்.

அதை வகுத்துக் காட்ட முயன்றவர் ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ரஸ்கின். 1849இல் வெளிவந்த ‘கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்’ என்னும் நூலில், ஏழு விளக்குகளுள் ஒன்றாக வாய்மையை வைத்து, கட்டடத்தில் நிகழும் ஏமாற்றுகளை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். கட்டடம் எதனால் தாங்கப்படுகிறது என்பதில் பொய்த்தோற்றம் தருவது, ஒரு பொருளின் மேற்பரப்பை மற்றொரு பொருள்போல் தோன்றத் தீட்டுவது, கையால் செய்ததுபோல் தோன்றும் அச்சுவார்ப்பு அணிகளைப் பயன்படுத்துவது ஆகியவை அவை. மரத்தைப் பளிங்காகத் தீட்டுவது இரண்டாம் வகை. ஆனால் செங்கல்லின் மேல் சாந்து பூசி, சாந்தின் மேல் ஓவியம் தீட்டுவதை ரஸ்கின் குறை கூறவில்லை. அதே சாந்தில் கோடு கிழித்துக் கருங்கல் அடுக்கினாற்போல் காட்டுவதைத்தான் பொய் என்கிறார். கட்டடத்தில் பொன்முலாம் பூசுவதும் அவருக்குப் பொய்யன்று, ஏனெனில் சுவர் முழுவதும் பொன் என்று யாரும் நம்புவதில்லை. அணிகலனிலோ அதே முலாம் பொய்யாகிறது, ஏனெனில் அங்கே காண்போர் அதைப் பொன்னென்றே கொள்வர். ஆகவே பொய் பூச்சில் இல்லை, பூச்சு காண்போரிடம் எழுப்பும் நம்பிக்கையில் இருக்கிறது என்பது ரஸ்கினின் வாதத்திலிருந்து பெறப்படும் முடிவு.

அரை நூற்றாண்டுக்குப் பின், 1898இல், வியன்னாவின் கட்டடக்கலைஞர் அடால்ஃப் லூஸ் போர்வைக் கோட்பாடு பற்றிய தம் கட்டுரையில் இதே கருத்தை ஒரு விதியாகவே இறுக்கினார். மூடப்படும் பொருளும் மூடும் பொருளும் ஒன்றென மயங்க இடமிருக்கக் கூடாது என்பது அவ்விதி. மரத்துக்கு அதைப் பொருத்தும்போது, மரத்துக்கு எந்த நிறமும் பூசலாம், மரத்தின் நிறத்தை மட்டும் பூசக் கூடாது என்னும் வியப்பான முடிவு கிடைக்கிறது. மலிவான மரத்தில் தேக்கின் வரிகளைத் தூரிகையால் வரைவது அங்கே விலக்கப்படுகிறது. வெள்ளையோ நீலமோ பூசுவது அனுமதிக்கப்படுகிறது.

இந்த விதியின் முன் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க வீடுகளின் மரச்சுவர்கள் பலவற்றை நிறுத்தினால் நிலைமை தலைகீழாகிறது. அவற்றுள் திண்ணிய பைன் பலகைகளைப் பள்ளமும் நாக்குமாகக் கோத்தவை உண்டு. நான்கடி அகலமும் எட்டடி உயரமும் கொண்ட மெல்லிய பிளைவுட் தகடுகளும் உண்டு. தகடுகளில் இடைவெளி சீரற்ற செங்குத்துப் பள்ளங்கள் கீறப்பட்டிருக்கும்; வெவ்வேறு அகலமுள்ள தனித்தனிப் பலகைகள் என்று கண்ணை நம்பவைப்பதே அவற்றின் நோக்கம். அச்சீரின்மையிலும் ஒரு கணக்கு இருக்கும்: சுவரின் மரச்சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்பதால், ஆணி அறைய வசதியாக அந்த இடங்களில் ஒரு பள்ளம் வந்துவிடும். இன்னும் மலிவானவற்றில் மரவரியே தாளில் அச்சிட்டு ஒட்டப்பட்டிருக்கும். இத்தகைய தகட்டின் மேல் ஒரே சீரான வெள்ளையைப் பூசுபவர் எந்த மெய்யையும் மறைக்கவில்லை. ஏற்கெனவே சொல்லப்பட்ட ஒரு பொய்யை நீக்குகிறார். மரத்தை மறைப்பது பாவம் என்னும் மறுப்பு இங்கே மரத்துக்காக அன்றி மரத்தின் படத்துக்காகப் பேசுகிறது.

பூச்சைத் தத்துவவாதிகள் ஆராய்வதற்கு முன்பே, அதைச் சமய ஒழுக்கத்தின் பகுதியாக்கிய சமூகம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. 1774இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஆன் லீயின் வழிவந்த ஷேக்கர்கள், துறவும் பொதுவுடைமையும் கைத்தொழிலும் இணைந்த வாழ்வை மேற்கொண்ட கிறித்தவர்கள். அவர்களுடைய மரவேலையின் எளிமை இன்றும் உலகெங்கும் போற்றப்படுகிறது. 1821இல் தொகுக்கப்பட்டு 1845இல் விரிவாக்கப்பட்ட அவர்களது ஒழுக்கவிதிகள் வண்ணங்களைக்கூட வகுத்துரைக்கின்றன. வழிபாட்டுக் கூடத்துக்கு மட்டுமே வெளிப்புறம் வெள்ளை; அதன் உட்புறத்துக்கு நீலச்சாயை; பட்டறைகளுக்குக் குடியிருப்பு வீடுகளைவிடச் சற்று அடர்ந்த நிறம்; களஞ்சியங்களுக்குச் சிவப்பு, பழுப்பு போன்ற கருநிறங்கள். வீட்டின் உட்கூரைகளுக்கும் சட்டங்களுக்கும் வார்னிஷ் பூசுவது விலக்கப்பட்டிருந்தது. மரத்தின் இயற்கை அழகைப் பளபளக்கச் செய்யும் வார்னிஷை ஐயத்துடன் நோக்கிய இவர்கள், மரத்தை முழுவதும் மறைக்கும் வண்ணத்தை ஏற்றுக்கொண்டது சிந்திக்கத்தக்கது. பொருளின் மெய் அதன் வரிகளில் இருப்பதாக அவர்கள் கருதவில்லை; கட்டடம் எப்பணிக்கு உரியதோ அப்பணியை நிறம் அறிவித்தால் அதுவே வாய்மை, செருக்கை வளர்க்கும் மினுக்கே குற்றம் என்பது அவர்களது நோக்கு. ரஸ்கினும் லூஸும் காண்போரை ஏமாற்றக் கூடாது என்றனர். ஷேக்கர்கள் செய்பவரின் உள்ளம் கெடக் கூடாது என்றனர்.

செய்பவரின் உள்ளம் என்று வரும்போது, கண்ணுக்குத் தெரியாத முதற்பூச்சே முதன்மை பெறுகிறது. தேவதாரு, ஓக் போன்ற மரங்களில் டானின் என்னும் துவர்ப்பொருள் மிகுதி. அது நீரில் கரையக்கூடியது. நீர் கலந்த வண்ணத்தை நேரடியாகப் பூசினால் அந்த நீரே துவர்ப்பொருளைக் கரைத்து மேலே இழுத்துவரும். பூசிய அன்று வெண்மையாக இருந்த சுவரில் நாள்கள் செல்லச் செல்ல மஞ்சளும் பழுப்புமாகக் கறை படரும். பைன் மரக்கணுக்களின் பிசினும் அவ்வாறே வட்டவட்டமாக வெளிப்படும். வண்ணத்தை எத்தனை முறை மேலே ஏற்றினாலும் அது தீராது. ஷெல்லாக் எனப்படும் அவலரக்கைச் சாராயக்கரைப்பானில் கரைத்துச் செய்த பிரைமர் இதற்குப் பெயர்பெற்ற தடுப்பு. உள்ளே இருப்பதைக் கணக்கில் கொள்ளாமல் மூடியவரின் பூச்சுத்தான் கெடுகிறது. உள்ளே இருப்பதை அறிந்து, அதற்கேற்ற பொருளைத் தேர்ந்து மூடியவரின் பூச்சு நிலைக்கிறது. ஒருவரும் பார்க்கப்போகாத அந்த ஒரு படலத்தில் காட்டும் நேர்மை, மேலே தெரியும் நிறத்தைவிட அறத்துக்கு நெருக்கமானது.

அதே அரக்கு மறைப்பின் கொடிய முகத்தையும் பாரத மரபுக்கு அறிமுகம் செய்திருக்கிறது. வாரணாவதத்தில் துரியோதனன் ஏவலால் புரோசனன் எழுப்பிய அரக்கு மாளிகை, தீப்பற்றும் பொருள்களை அழகிய சுவருக்குள் ஒளித்துவைத்த கட்டடம். உள்ளே நுழைந்த தருமன் நெய்யும் அரக்கும் கலந்த வாடையிலேயே சூழ்ச்சியை உணர்ந்ததாக வியாசபாரதம் கூறுகிறது. அம்மாளிகையின் குற்றம் அரக்கில் இல்லை, பூசியதில்கூட இல்லை. தங்குவோருக்குத் தீங்கு நினைத்து, அதை அவர்கள் அறியாதவாறு மூடியதில் இருக்கிறது. வாய்மையைத் தீங்கின்மை கொண்டே வள்ளுவர் வரையறுத்திருப்பது இங்கே நினைக்கத்தக்கது. இத்தகைய மறைந்த தீங்கு கராஜிலும் இருக்கக்கூடும்: ஈயம் என்னும் நச்சுப்பொருள் கலந்த வண்ணங்கள் நெடுங்காலம் வீடுகளில் பூசப்பட்டு, அமெரிக்காவில் 1978இல்தான் குடியிருப்புப் பயன்பாட்டுக்குத் தடைசெய்யப்பட்டன; பழைய கராஜின் சுவரைச் சோதிக்காமல் உப்புத்தாளால் தேய்ப்பவர் அந்த ஈயத்தூளைப் பிள்ளைகள் மூச்சுவிடும் காற்றில் கலந்துவிடலாம். சாராயக்கரைப்பானின் ஆவியும் எளிதில் தீப்பற்றுவது. வெந்நீர்க்கொதிகலனின் சுடர் எரியும் மூடிய கராஜில் அதைப் பூசுவது அரக்கு மாளிகையை அறியாமலே மீண்டும் கட்டுவதாகும்.

அரக்கைப் பற்றிய சமயக்கேள்வி இத்துடன் முடிவதில்லை. புரசு, இலந்தை முதலிய மரக்கிளைகளில் அரக்குப்பூச்சிகள் சுரக்கும் பிசினே கொம்பரக்கு. கிளையை வெட்டிச் சுரண்டித் தூய்மை செய்து அவலரக்கு ஆக்கும்போது உயிர்கள் மடிகின்றன. மனுநூல் அந்தணன் விற்கக் கூடாதவற்றுள் அரக்கையும் சேர்க்கிறது. சமண நூல்கள் இல்லறத்தார் தவிர்க்க வேண்டும் என வகுத்த 15 தொழில்களுள் அரக்கு வணிகமும் ஒன்று. மறுபுறம் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் வனப்பகுதிகளில் பழங்குடியினர் பலருக்கு அரக்கு வருவாய் தரும் பொருள். கொல்லாமையை நோன்பாகக் கொண்டவருக்குச் செயற்கைப் பிசினால் ஆன கறைத்தடுப்புப் பிரைமர்கள் கிடைக்கின்றன. எதைத் தேர்ந்தாலும், பூச்சின் விலை அதைப் பூசுபவரோடு முடிவதில்லை என்ற அறிவு தேவை.

மறைத்தல் தன்னளவில் குற்றமன்று என்பதைச் சைவ சித்தாந்தம் மிகத் துணிவாக உரைத்திருக்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் ஆகியவற்றோடு மறைத்தலையும் இறைவனின் ஐந்தொழில்களுள் வைத்து, ஆடலரசனின் ஊன்றிய திருவடியை அத்தொழிலுக்கு உரியதாக்குகிறது அம்மரபு. திரோதான சக்தி எனப்படும் இம்மறைப்பாற்றல், உயிரைப் பற்றியுள்ள மாசாகிய ஆணவ மலம் பக்குவமடையும் வரை அதனோடு நின்று தொழிற்படுவதால், அதுவும் அருளின் ஒரு வகையே என்பர். இறைவனின் செயலைத் தச்சனின் செயலோடு சமன்படுத்த முடியாது; மரத்துக்குப் பக்குவமடைய வேண்டிய உயிரும் இல்லை. ஆயினும் மறைப்பை அதன் நோக்கத்தாலும் விளைவாலும் எடைபோட வேண்டும், மறைத்தது என்ற ஒன்றாலேயே அதைத் தள்ளக் கூடாது என்னும் அளவுகோலை அக்கோட்பாட்டிலிருந்து பெறலாம்.

இவற்றைத் தொகுத்து நோக்கினால், மரச்சுவருக்கு வண்ணம் பூசுவது பொய்யாகாது. தான் அல்லாத ஒன்றாகத் தன்னைக் காட்டும் பூச்சு பொய். தீங்கை மூடும் பூச்சு பாவம். அடியில் உள்ளதைப் பொருட்படுத்தாத பூச்சு கடமை வழுவல். அச்சிட்ட மரவரித் தகட்டுக்கு ஒருவர் தயக்கமின்றி வண்ணம் பூசலாம். திண்ணிய பழம்பலகையானால், ஒருமுறை பள்ளங்களிலும் நுண்துளைகளிலும் ஏறிய வண்ணத்தை முற்றிலும் எடுப்பது மிகக் கடினம் என்பதையும், பின்னர் அவ்வீட்டுக்கு வருவோர் அம்மரத்தைக் காணும் வாய்ப்பை அது குறைக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பூசுவதென்று முடிவு செய்துவிட்டால், அறம் கேட்பது நிறத்தின் அழகையன்று, கழுவுதலிலும் தேய்த்தலிலும் முதற்பூச்சிலும் குறைவைக்காத உழைப்பையே.